பார்க்காத சுவருக்குக் கையெழுத்து

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பதினெட்டு வீடுகள் கட்டும் வேலைத்தளத்தில் பொறியியலாளராக இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. வீடுகளுக்குப் பின்னால் மலையை வெட்டிய இடத்தில் மூன்று மீற்றர் உயரத்துக்குத் தாங்கு சுவர் எழுப்பியிருக்கிறார்கள். அதன் பின்புறத்தில் அடியிலிருந்து மேல்வரை சல்லிக்கல் நிரப்பி, நீர் வெளியேறக் குழாய்கள் வைக்க வேண்டும் என்று வரைபடத்தில் இருக்கிறது. அவர் நான்கு நாள் விடுமுறையில் வீட்டுக்குப் போய்த் திரும்பியபோது சுவரின் பின்புறம் மண்ணால் மூடப்பட்டிருந்தது. தளத்துக்கு வர வேண்டிய சல்லிக்கல் முழுவதும் வந்ததாக லொறிக் கணக்கில் இல்லை. குழாய்களில் சில, மழை பெய்த மறுநாளும் உலர்ந்தே கிடக்கின்றன. "வரைபடத்தின்படி வேலை நிறைவேற்றப்பட்டது" என்ற பத்திரத்தில் அவர் இப்போது கையெழுத்திட வேண்டும், ஏனெனில் தீபாவளிக்கு முன் சாவி கையளிக்கும் விழாவுக்கு நாள் குறித்தாயிற்று. மேலதிகாரி, "இது வெறும் சம்பிரதாயம், பொறுப்பு என்னுடையது" என்கிறார். கொந்தராத்துக்காரர் நம்மவர். வீட்டில் கொழுந்து பறிக்கும் தாயும் படிக்கும் தங்கையும் இவருடைய சம்பளத்தை எதிர்பார்த்திருக்கிறார்கள். கையெழுத்திட மறுப்பது நிறுவனத்துக்குச் செய்யும் துரோகமா, தன்னவர்களுக்குச் செய்யும் துரோகமா என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, கையெழுத்திடாதீர்கள். இந்த விடை உங்களுக்கு ஏற்கனவே தெரியும் என்று நினைக்கிறேன். தெரியாவிட்டால் லொறிக் கணக்கை எண்ணியிருக்கவும் மாட்டீர்கள், மழைக்கு மறுநாள் குழாயடியில் போய் நின்றிருக்கவும் மாட்டீர்கள். உங்களுக்கு இப்போது வேண்டியது ஏன் மறுக்க வேண்டும் என்ற தெளிவும், எப்படி மறுத்தால் அந்தப் பதினெட்டுக் குடும்பங்களுக்கு அது உண்மையில் பயன்படும் என்ற வழியும்தான். அவற்றைப் பற்றியே எழுதுகிறேன்.

நமது தொழிலில் முக்கியமானவை எல்லாம் கண்ணுக்கு மறைந்து போகின்றன. கம்பி கொங்கிறீட்டுக்குள் போகிறது, அத்திவாரம் மண்ணுக்குள் போகிறது, வடிகால் படை சுவருக்குப் பின்னால் போகிறது. வீட்டுக்குக் குடிவருகிறவருக்குக் கடைசியில் தெரிவது சுவரில் அடித்த வர்ணமும் கூரையும் மட்டுமே. மூடுவதற்கு முன் ஒருவர் நேரில் நின்று பார்த்தார் என்பதற்கு அவருக்கு இருக்கும் ஒரே சான்று பொறியியலாளரின் கையெழுத்து. நீதிமன்றத்தில் சாட்சி சொல்கிறவர் கண்டதைக் கண்டேன் என்றும் கேட்டதைக் கேட்டேன் என்றும் பிரித்துச் சொல்லக் கடமைப்பட்டவர். நம்முடைய கையெழுத்தும் அத்தகைய சாட்சியம்தான். நீங்கள் இல்லாத நான்கு நாட்களில் நடந்த வேலையைக் கண்டதாகச் சொல்ல உங்களுக்கு உரிமையில்லை. சல்லிக்கல் உண்மையில் போடப்பட்டிருந்தாலும்கூட அந்த உரிமை உங்களுக்கு இல்லை.

அந்தச் சல்லிக்கல் ஏன் இவ்வளவு பெரிய விடயம் என்பதை எண்ணாகப் பார்ப்பது நல்லது, ஏனெனில் "ஒரு படை கல்லுக்காக இவ்வளவு பிரச்சினையா" என்று உங்களிடம் கேட்கப்போகிறார்கள். மூன்று மீற்றர் சுவரின் பின்னால் நன்றாக வடிந்த சாதாரண மண் இருந்தால், சுவரின் ஒவ்வொரு மீற்றர் நீளத்தையும் அது ஏறத்தாழ 2.7 தொன் விசையால் தள்ளும். மண் துகள்கள் ஒன்றோடொன்று உராய்ந்து தம்மைத் தாமே ஓரளவு தாங்கிக்கொள்வதால் தள்ளுவிசை அந்த அளவோடு நிற்கிறது. நீருக்கு அப்படித் தன்னைத் தாங்கிக்கொள்ளும் குணம் கிடையாது. அதே மண்ணில் மேல்வரை நீர் நிறைந்துவிட்டால், நீர் மட்டுமே ஏறத்தாழ 4.5 தொன் விசையால் தள்ளும். நீரில் அமிழ்ந்து எடை குறைந்த மண்ணின் பங்கு இன்னும் 1.2 தொன். ஆக 2.7 என்று கணக்குப் பார்த்துக் கட்டிய சுவரின்மேல் 5.7 தொன் வந்து நிற்கிறது. தாங்கு சுவர் கவிழாமலிருக்க வடிவமைப்பில் நாம் வைக்கும் பாதுகாப்புக் காரணி, அதாவது எதிர்பார்க்கும் தள்ளுதலைப் போல் எத்தனை மடங்கைச் சுவர் தாங்க வேண்டும் என்ற அளவு, 1.5 அல்லது 2 தான். மீதியாக வைத்திருந்த முழுப் பாதுகாப்பையும் ஓர் இரவு மழை எடுத்துக்கொண்டுவிடுகிறது. போதாதற்கு, சுவரின் அடியில் புகும் நீர் சுவரை மேலே தூக்கி, அது வழுக்கிச் செல்வதையும் இலகுவாக்குகிறது. வரைபடத்தில் அந்தச் சல்லிக்கல் ஓரமாக நாலு புள்ளி வைத்துக் காட்டப்பட்டிருக்கும்; ஆனால் சுவர் நிற்பதா விழுவதா என்பது அதில்தான் இருக்கிறது.

சுமை இப்படி இரட்டிப்பான ஒரு சம்பவம் பொறியியல் படித்த எவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் கன்சாஸ் நகரிலுள்ள ஹயட் ரீஜன்சி விடுதியில் 1981 ஜூலை 17 அன்று, மண்டபத்துக்கு மேலே தொங்கிய நடைபாலங்கள் விழுந்து 114 பேர் இறந்தார்கள். மேல் பாலத்தையும் கீழ்ப் பாலத்தையும் ஊடுருவிச் செல்லும் ஒரே நீண்ட கம்பிகளில் இரண்டையும் தொங்கவிடுவதுதான் முதல் வரைபடம். கம்பி செய்தவர்கள் வேலை இலகுவாக வேண்டும் என்று அதை இரண்டு துண்டுகளாக மாற்றினார்கள். கீழ்ப் பாலம் கூரையில் தொங்குவதற்குப் பதிலாக மேல் பாலத்திலேயே தொங்கத் தொடங்கியது. மேல் பாலத்துச் சுரையாணியின்மேல் விழுந்த சுமை இரட்டிப்பானது. மாற்றிய வரைபடத்தில் பொறியியலாளரின் முத்திரை இருந்தது, ஆனால் அந்த இணைப்புக்கு யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. பின்னர் விசாரித்தபோது, முதல் வரைபடமே நகரச் சட்டம் கேட்ட வலிமையில் ஏறத்தாழ 60 சதவீதத்தைத்தான் கொண்டிருந்தது என்பதும் தெரிந்தது. பொறுப்பான பொறியியலாளர்கள் இருவரும் மிசூரி மாநிலத்தில் தொழில் செய்யும் உரிமத்தை இழந்தார்கள். விவரங்களைச் சரிபார்ப்பது வேறொருவருடைய வேலை என்று நினைத்தோம் என்ற வாதம் எடுபடவில்லை.

இங்கே உங்கள் மேலதிகாரி சொன்னதற்கு வருகிறேன். "பொறுப்பு என்னுடையது" என்று அவர் சொல்வது உண்மையானால், பத்திரத்தில் அவரே கையெழுத்திடலாம். உங்கள் பெயர் அதற்குத் தேவையில்லை. உங்கள் பெயர் தேவைப்படுவதே நீங்கள் தளத்தில் இருந்தவர் என்பதால்தான். உங்களிடமிருந்து கேட்கப்படுவது நீங்கள் பார்த்ததாக ஒரு சொல். அதை வேறொருவர் தம் தலையில் சுமந்துகொள்ள முடியாது. சட்டத்தின் பக்கமும் இதுதான். 2017 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கப் பொறியியல் பேரவைச் சட்டம் வந்தபின், இலங்கையில் பொறியியல் தொழில் செய்கிறவர் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு ஒவ்வொருவருக்கும் தனித்தனியானது. 1906 இல் தொடங்கி, 1968 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்ட இலங்கைப் பொறியியலாளர் நிறுவனத்தின் ஒழுக்கக்கோவையும் பொதுமக்களின் பாதுகாப்பைத்தான் முதலில் வைக்கிறது; வாடிக்கையாளரின் நலனும் தொழில் தருநரின் நலனும் அதற்குப் பின்னரே வருகின்றன. இன்னொன்றும் உண்டு. நீங்கள் இன்னும் பட்டயப் பொறியியலாளர் அல்லர்; தொழில் அனுபவத்துக்குப் பின் கிடைக்கும் முழுத் தகுதி அது. வெட்டிய மலையின் உறுதிப்பாட்டைப் பற்றிச் சான்று கொடுப்பது மண்ணியல் பொறியியலில் அனுபவமுள்ளவருடைய வேலை. தெரியாத துறையில் கையெழுத்திடாமலிருப்பதும் இந்த ஒழுக்கத்தின் ஒரு பகுதி. இதைச் சொல்வதில் கூச்சப்பட எதுவுமில்லை.

நானும் ஒருமுறை கையெழுத்திட்டேன். தொழிலுக்கு வந்து இரண்டாவது வருடம். எந்த நிறுவனம், எந்தத் தோட்டம் என்பது இங்கு வேண்டாம். அளவைப் புத்தகத்தில் "சுவரின் பின்னால் சல்லிக்கல் நிரப்பல்" என்ற வரிக்கு எதிரே இத்தனை கியூப் என்று எழுதியிருந்தது. லொறிச் சிட்டைகளை மேசையில் வைத்துக் காட்டினார்கள். நான் சிட்டைகளைக் கூட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது, கையெழுத்திட்டேன். இரண்டாவது மழைக்காலத்தில் அந்தச் சுவர் நடுவில் வயிறு தள்ளி, ஒரு விடியற்காலையில் விழுந்தது. யாரும் சாகவில்லை, குசினிக்குள் மட்டும் இடுப்பளவு சேறு. நான் போய் நின்றபோது உடைந்த இடத்தில் சுவரின் உள்பக்கம் திறந்து கிடந்தது. சிவந்த மண், உடைந்த செங்கல், வேரோடு போட்ட தேயிலைத் தூர் ஒன்று, சுருட்டித் திணித்த சீமெந்துப் பைகள். சல்லிக்கல் ஒரு கைப்பிடி கூட இல்லை. ஒரு குழாயைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அதன் உள்வாய் சாந்தால் அடைபட்டிருந்தது. சாந்தில் மேசனின் விரல் தடம் இருந்தது. அந்த வீட்டு அம்மா சேற்றைச் சுரண்டிக்கொண்டே நிமிர்ந்து, "ஐயா, நீங்கதானே வந்து பார்த்துட்டுப் போனீங்க?" என்று கேட்டார். குற்றம் சாட்டும் குரலில் அவர் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகியும் அந்தக் கேள்விக்குச் சொல்ல என்னிடம் ஒரு விடை இல்லை. உங்கள் கேள்வியைப் படித்த அன்றே உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் அந்தக் குசினிதான்.

உங்களிடம் சொல்லப்படப்போகும் வாதங்களில் மிகவும் வலுவானதை நான் ஒதுக்கிவிட்டுப் போக விரும்பவில்லை. "இந்தச் சனம் ஒழுகும் லயத்தில், ஒரு காம்பராவுக்குள் ஏழெட்டுப் பேராகப் படுத்துக் கிடக்கிறது. நீ ஒரு கடதாசிக்காகக் கையளிப்பைத் தள்ளிப்போட்டால் இன்னொரு மழைக்காலத்தையும் அந்த லயத்திலேயே கழிக்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் புது வீடு லயத்தை விட மேல்" என்பார்கள். இதைச் சொல்கிறவர்களில் பலர் நல்லவர்கள். ஏழு பேர்ச்சஸ் காணிக்காக எத்தனை வருடம் இந்தச் சனம் காத்திருந்தது என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியாததல்ல. ஆனால் நான் கவனித்த ஒன்றைச் சொல்கிறேன். லயத்தில் இருக்கிறவர்கள் பெருமழை இரவில் தூங்குவதில்லை. தகரத்தின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, பின்பக்கத்துக் கானில் நீர் எந்த நிறத்தில் ஓடுகிறது என்று டோர்ச் அடித்துப் பார்த்துக்கொண்டு, பிள்ளைகளுக்குச் சட்டை போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். கொங்கிறீட் வீட்டுக்கு வந்த பிறகு அந்த விழிப்பு போய்விடுகிறது. என்ஜினியர் பார்த்துக் கட்டிய வீடு என்று நம்பி, சுவருக்கு அருகிலுள்ள பின் அறையில் பிள்ளைகளைப் படுக்க வைத்துவிட்டுத் தூங்குகிறார்கள். நமது கையெழுத்து அவர்களுக்கு அந்தத் தூக்கத்தைக் கொடுக்கிறது. அது பொய்யானால், லயத்தில் அவர்களைக் காப்பாற்றி வந்த பயத்தையும் நாமே பறித்துவிட்டவர்களாவோம்.

அதற்காகத் தாமதத்தால் யாருக்கும் நட்டமில்லை என்று நான் சொல்லவில்லை. மூன்று வாரமோ நான்கு வாரமோ அதிகமாக லயத்தில் இருப்பதன் துன்பத்தை அந்தக் குடும்பங்கள்தான் சுமக்கும். அதனால்தான் மறுப்போடு நிற்காமல் திருத்தும் வழியையும் நீங்களே கொண்டுபோக வேண்டும் என்கிறேன்.

எழுதி வைப்பது மட்டும் போதாது என்பதற்கு நமது மாவட்டத்திலேயே பெருந்துயரம் ஒன்று இருக்கிறது. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை இறங்கி லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடம் தெரியவில்லை. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று மண்சரிவு அபாயத்தை ஆராயும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் சொல்லியிருந்தது. அறிவு இல்லாமல் நடந்த அழிவு அல்ல அது. அறிந்தவர்களுடைய கடதாசிக்கும் மலையின் கீழ்ப் படுத்துறங்கியவர்களுக்கும் இடையில் எங்கோ அந்த எச்சரிக்கை நின்றுவிட்டது. அதே கதை வேல்ஸ் நாட்டில் அபர்பான் என்ற நிலக்கரிச் சுரங்கக் கிராமத்திலும் நடந்திருக்கிறது. சுரங்கக் கழிவைப் பள்ளிக்கூடத்துக்கு மேலேயுள்ள மலையில், நீரூற்றின் மேலேயே குவித்து வந்தார்கள். பள்ளிக்கூடத்தின் பின்னால் கொட்டப்படும் கழிவால் ஆபத்து என்று உள்ளூர்ச் சபையின் பொறியியலாளர் 1963 இல் கடிதம் எழுதினார். சில மாதங்கள் கடிதங்கள் போய் வந்தன, பிறகு அந்த விடயம் ஓய்ந்துபோனது. 1966 ஒக்டோபர் 21 காலையில் குவியல் இறங்கி 116 பிள்ளைகளும் 28 பெரியவர்களும் இறந்தார்கள். அந்தப் பொறியியலாளர் எழுதிய கடிதத்தில் பிழையில்லை. விடை வராத கடிதத்தை விடாமல் துரத்த யாரும் இருக்கவில்லை. சுரங்கத்தில் உழைக்கும் சனத்தின் வீடும் பள்ளிக்கூடமும் மலையடியில், தீர்மானிக்கிறவர்களின் அலுவலகம் வெகுதூரத்தில் என்ற அமைப்பை வாசிக்கும்போது எனக்கு நமது தோட்டங்களே கண்முன் வருகின்றன.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையில் பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். அதற்குப் பிறகும் மலைநாட்டில் ஒரு வடிகாலைச் சம்பிரதாயம் என்று சொல்ல எப்படி வாய் வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

நம்மவர் என்ற பேச்சு உங்களை மிகவும் வருத்துகிறது என்று உங்கள் எழுத்திலிருந்து தெரிகிறது. கொந்தராத்துக்காரர் ஒரு கங்காணியின் பேரன், சிரமப்பட்டு முன்னுக்கு வந்தவர், உங்களை வேலைக்குச் சிபாரிசு செய்தவரும் அவர்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். "எங்கட ஆளையே காட்டிக்கொடுக்கிறியா" என்ற கேள்வி வரும். கோயில் திருவிழாவில் வரும், கலியாண வீட்டில் வரும், உங்கள் அம்மாவிடமும் போகும். அவர் நம்மவர் என்றால் அந்தப் பதினெட்டுக் குடும்பமும் நம்மவர்கள்தான், அவரை விட நிராதரவான நம்மவர்கள். அவருக்கு நன்றியாக நீங்கள் செய்யக்கூடியது ஒன்றிருக்கிறது. வேறு யாருக்கும் எழுதுவதற்கு முன் அவரிடம் நேரில் போய், "அண்ணன், இதில் நான் கையெழுத்திட முடியாது, ஆனால் இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது, நீங்களே தோண்டிக் காட்டினால் உங்கள் பெயரும் கெடாது" என்று சொல்லுங்கள். அவருக்கே தெரியாமல் மேசன்கள் விட்டுவிட்ட வேலையாகவும் இருக்கலாம். அந்த வாய்ப்பை அவருக்குக் கொடுப்பது நியாயம். மதியச் சாப்பாட்டுப் பார்சல், தீபாவளிக்கு உடுப்பு, வீட்டுக்குப் போக வாகனம் என்று அவர் தருவனவற்றை இனி அன்போடு மறுத்துவிடுங்கள். அவற்றின் விலை பெரிதல்ல, ஆனால் மறுநாள் அவருடைய வேலையில் குறை சொல்ல நாக்கு எழாது.

அடுத்தது மேலதிகாரி. அவருக்கு வாய்மொழியாக அல்ல, எழுத்தில் கொடுங்கள். கோபமும் குற்றச்சாட்டும் இல்லாமல், கண்டதும் காணாததும் மட்டும் அதில் இருக்கட்டும். இப்படி எழுதலாம்: "இன்ன திகதி தொடக்கம் இன்ன திகதி வரை நான் விடுமுறையில் இருந்தேன். அந்நாட்களில் தாங்கு சுவரின் பின்புறம் நிரப்பப்பட்டுள்ளது. வடிகால் படை இடப்பட்டதை நான் பார்க்கவில்லை. தளத்துக்கு வந்த சல்லிக்கல்லின் அளவு தேவையான அளவை விடக் குறைவாகப் பதிவாகியுள்ளது. இன்ன திகதி மழைக்குப் பின் பார்த்தபோது இத்தனை குழாய்களில் இத்தனை குழாய்களிலிருந்து நீர் வரவில்லை. ஆகவே மூன்று இடங்களில் தோண்டிப் பார்த்த பின்னரே சான்றிதழில் கையெழுத்திட முடியும்." இதற்கு மேல் ஒரு சொல்லும் தேவையில்லை. திகதியிட்ட படங்களை இணைத்து, ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். சல்லிக்கல் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்கிறவருக்கு, மூன்று குழி தோண்டுவதில் அரை நாள் கூலியைத் தவிர நட்டமில்லை. தோண்டவே கூடாது என்று அவர் பிடிவாதமாக நின்றால், உங்கள் சந்தேகத்துக்கு அதுவே பாதி விடை.

தோண்டிப் பார்த்துச் சல்லிக்கல் இல்லையென்றால், குழாய்களின் வாயைக் குத்தித் திறந்துவிட்டால் போதும் என்று ஒருவர் சொல்வார். அதற்கு உடன்படாதீர்கள். பின்னால் களிமண் நெருங்கிக் கிடந்தால் நீர் குழாயைத் தேடி வராது. வந்தாலும் மண்ணையும் சேர்த்துக்கொண்டு வரும், சுவரின் பின்னால் பொந்து விழும். சுவருக்குப் பின்னால் ஒரு பட்டையாகத் தோண்டி, சிறுசிறு நீளங்களாக, ஒரே நேரத்தில் முழுவதையும் திறக்காமல், வடிகட்டும் துணி விரித்துச் சல்லிக்கல் இடுவதுதான் நேரான திருத்தம். மேலே மலையிலிருந்து வரும் நீர் சுவரை அடையுமுன்பே பிடித்துப் பக்கவாட்டில் கொண்டுபோக ஒரு சீமெந்துக் கான் வேண்டும். அந்தக் கானின் நீர் கடைசி வீட்டின் பின்னால் போய் விழாமல் ஓடை வரைக்கும் போக வேண்டும். இதை நான் வலியுறுத்தக் காரணம், வடிகாலைப் பாதியில் விட்டுவிட்டுப் பக்கத்து வரிசையின் தலையில் நீரை இறக்கிய தளங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். செலவு மதிப்பீட்டையும் நாட்கணக்கையும் நீங்களே எழுதிக் கடிதத்தோடு கொடுங்கள். விழா நாளைத் தள்ளிவைக்கும்படி மேலே போய்ப் பேச வேண்டியவருக்குக் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

மேலதிகாரி ஒரு வாரத்துக்குள் விடை தராவிட்டாலோ, உங்களை விட்டுவிட்டு வேறொருவரிடம் கையெழுத்து வாங்க முயன்றாலோ, விடயம் நிறுவனத்தை விட்டு வெளியே போக வேண்டிய கட்டம் வந்துவிட்டது. முதலில் வேலையின் உரிமையாளர் தரப்புப் பொறியியலாளர், பிறகு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகம், பிரதேச சபை. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டட அனுமதிக்கு அந்த நிறுவனத்தின் சிபாரிசு வேண்டும் என்பது 2011 சுற்றறிக்கைக்குப் பிந்திய நடைமுறை. அந்தச் சிபாரிசுக் கடிதத்தை உங்கள் தளக் கோப்பில் தேடி எடுத்து நிபந்தனைகளை ஒவ்வொன்றாக வாசியுங்கள். வடிகால் பற்றிய நிபந்தனை அதில் இருந்தால், நீங்கள் கேட்பது உங்கள் சொந்த அபிப்பிராயம் அல்ல, அனுமதியின் நிபந்தனை. நீங்கள் வேலை செய்யும் நிறுவனத்தின் இரகசியத்தைக் காப்பது கடமைதான். விலைக் கணக்கு, கேள்விப்பத்திரம், வடிவமைப்பு உத்தி ஆகியவற்றை நீங்கள் வெளியே சொல்லக்கூடாது. சுவர் விழுமா நிற்குமா என்பது அந்த இரகசியங்களில் சேராது. உமா ஓயா நீர்த் திட்டத்துக்காகத் தோண்டிய சுரங்கப்பாதையில் 2014 டிசம்பரில் நீர் பெருக்கெடுத்த பிறகு பண்டாரவளைச் சுற்றுவட்டத்தில் கிணறுகள் வற்றி வீடுகளில் வெடிப்பு விழுந்த காலத்தில், நிலத்துக்கடியில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் சனம் அலைந்ததை நான் அருகிலிருந்து பார்த்தேன். நீர் தேடிக் குடத்தோடு நின்றவர்களுக்கு விளங்கும் மொழியில் பேச ஒரு பொறியியலாளர் இல்லாதது அப்போது பெருங்குறை.

முகநூலில் படம் போடுவதை இப்போதைக்குத் தவிருங்கள். தோண்டிப் பார்க்குமுன் போட்டால், உங்கள் சொல் சரியாக இருந்தாலும் அவதூறு என்று திருப்பிவிடுவார்கள். சனமும் பீதியடையும், திருத்தமும் நடக்காது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அரச நிறுவனங்களிடமுள்ள அந்தக் காணியின் மண்சரிவு அறிக்கையையும் அனுமதி நிபந்தனைகளையும் குடியிருக்கப் போகிறவர்களே எழுத்தில் கேட்கலாம். இது அவர்களுடைய உரிமை என்று அவர்களிடம் சொல்வதில் தவறில்லை. அறிக்கை கிடைத்தால், ஆங்கிலத்தில் இருக்கும் அதை உட்கார்ந்து தமிழில் வாசித்து விளக்கக்கூடியவர் அந்தத் தோட்டத்தில் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள்.

வேலை போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகலாம். போகாது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். நீங்களாக இராஜினாமா எழுத வேண்டாம். வெளியேறிவிட்டால் அந்தச் சுவரைப் பற்றிப் பேசும் தகுதியையும் அங்கேயே விட்டுவிட்டுப் போவீர்கள், அடுத்து வருகிறவர் கையெழுத்திட்டுவிடுவார். இன்றைக்கே உங்கள் துறையில் மூத்த பட்டயப் பொறியியலாளர் ஒருவரிடம், உங்களுக்குப் பாடம் நடத்திய விரிவுரையாளராக இருந்தாலும் சரி, முழுவதையும் சொல்லி வையுங்கள். பிற்பாடு "அவன் கோபத்தில் இட்டுக்கட்டினான்" என்று யாரும் சொன்னால், இந்தத் திகதியிலேயே இவர் என்னிடம் சொன்னார் என்று சொல்ல ஒருவர் இருப்பார். அம்மாவிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். மலையில் கொழுந்து பறிக்கிறவருக்கு மண் எப்போது இளகும் என்று நம்மை விட நன்றாகத் தெரியும்; நீங்கள் பயப்படுகிற அளவுக்கு அவர் கலங்க மாட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

இவையெல்லாம் நாட்கணக்கில் நடக்கும். மழை அதுவரை காத்திருக்காது. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் உங்கள் பக்கத்தில் எப்படிக் கொட்டும் என்பது உங்களுக்குத் தெரியும். சுவருக்குக் கீழே முன்வரிசையில் இரண்டு குடும்பங்கள் சாவி வாங்காமலே குடிவந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவர்களிடம் சொல்வதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்ததை உடனே சொல்ல வேண்டும். நிலத்திலோ சுவரிலோ புது வெடிப்பு, கதவு திடீரென இறுகுவது, மரம் சாய்வது, தெளிவாக வந்த ஊற்று கலங்கி வருவது, வந்துகொண்டிருந்த ஊற்று சட்டென நிற்பது ஆகியவற்றைக் கண்டால் பொருட்களை எடுக்க நில்லாமல் வெளியேற வேண்டும் என்று பெரியவர்களிடமும் பிள்ளைகளிடமும் தனித்தனியே சொல்லுங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும், 150 ஐத் தாண்டினாலோ ஒரு மணித்தியாலத்தில் 75 கொட்டினாலோ உடனே வெளியேற வேண்டும் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவு. தோட்டத்து அலுவலகத்தில் மழைமானி இருந்தால் ஒவ்வொரு காலையும் வாசிப்பைக் கேட்டு எழுதுங்கள். இல்லாவிட்டால் தளத்தில் ஒன்றை நீங்களே வையுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தை இரண்டு வீட்டுக் கதவிலும் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். இரவில் அவர்கள் போய்த் தங்க வேண்டியது கோயில் மண்டபமா, பள்ளிக்கூடமா, பிள்ளை மடுவமா என்று முடிவு செய்வதற்கு முன், அந்த இடமும் அதே சரிவின் கீழ் இருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் மேலே ஏறி நடந்து பார்த்துவிட்டு வாருங்கள்.